பொட்டலத்தோடு போனவர்

லியோனிடா வீட்டுக்கு வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. மின்கட்டண ரசீது கொடுக்க வருகிறவன் கையிலும் இரண்டு வாழைப்பழத்தையாவது திணித்துத்தான் அனுப்புவாள். மரிந்துக்கே தீவில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் இது, வந்தவருக்கு வழிக்கு ஏதாவது கட்டிக்கொடுப்பது. ஆனால் மற்றவர்களுக்குப் பழக்கம், லியோனிடாவுக்கு வியாதி. அவள் புருஷன் மௌரோ மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் முதலில் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். பல நாள் பானை காலியாகத்தான் இருக்கும். அவருக்கும் வாயைத் திறந்து சண்டை போடத் தெரியாது.

மே மாதம் ஊர்த் திருவிழா. எல்லா வீட்டிலும் எல்லாரும் சாப்பிடும் நாள். காலையிலிருந்து வண்டியில் விருந்தாளிகளை ஏற்றி இறக்கிய மௌரோ மத்தியானம் சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சை என்னவோ அடைக்கிறது, கொஞ்சம் சோறு போடு என்றார். லியோனிடா அப்போது பன்றிக்கறியை வாழையிலையில் மடித்துக்கொண்டிருந்தாள். கிளம்பி நின்ற விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். வாசல் பேச்சு என்றைக்கு ஒரு பேச்சோடு முடிந்திருக்கிறது? அவள் திரும்பி வந்தபோது மௌரோ நாற்காலியிலேயே போயிருந்தார். அவர் முன்னால் ஒரு தட்டுகூட இல்லை.

இதுதான் அவளைத் தின்றது. செத்தவர்கள் நாற்பது நாள் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை அவர் வரவேண்டும், ஒரு தட்டுச் சோறு போடவேண்டும், கோபமில்லை என்று எப்படியாவது தெரிந்துகொள்ளவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவரோ வரவேயில்லை. நாத்தனார் பிலாரிங், மாடத்தில் பழுப்பு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது, அது அண்ணன்தான் என்று சத்தியம் செய்தாள். முடிதிருத்துகிறவர் தன் கடையில் மௌரோவின் சிகரெட் வாசம் அடித்தது என்றார். லியோனிடா தினமும் அந்த நாற்காலிக்கு எதிரே தட்டு வைத்தாள். எறும்பு வந்தது, பூனை வந்தது, அவர் வரவில்லை.

நாற்பதாம் நாளும் விடிந்தது. ஊருக்கே சமையல். மழை வேறு. அந்த நனைந்த காலையில் ஹெர்மினியா வந்து பின்வாசலில் நின்றாள். கடலோரத்தில் கடைசிக் குடிசை அவளுடையது, கருவாடு விற்றுப் பிழைக்கிறவள். புருஷன் இஸ்கோ படகோடு போய்ப் பத்து வருஷமாகிறது. உடல் கரைக்கு வரவில்லை, அதனால் துக்கச் சடங்கும் நடக்கவில்லை. உள்ளே வா என்று கூப்பிட்டும் அவள் படியேறவில்லை.

"அக்கா, திட்டாதீங்க. மௌரோ அண்ணன் எங்க வீட்டுலதான் இருக்காரு."

லியோனிடா கரண்டியைக் கீழே வைத்தாள். "இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவ இங்க இருக்கேன். உன் வீட்டுல அவருக்கு என்னடி வேலை?"

"நான் கூப்பிடலைக்கா. நீங்கதான் பொட்டலம் கட்டி அனுப்புனீங்க."

லியோனிடாவுக்குச் சவப்பெட்டி கூடத்தில் இருந்த அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. துக்க வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஒரு பிஸ்கட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. எடுத்துப்போனால் செத்தவரும் கூடவே போவார். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அன்று துக்கத்துக்கு வந்திருந்த ஹெர்மினியா கிளம்ப எழுந்தபோது அவளுடைய மெலிந்த தோளைப் பார்த்ததும், லியோனிடாவின் கை தானாக ஒரு பொட்டலம் நூடுல்ஸை அவள் பைக்குள் சொருகியது. புத்தி புருஷனோடு பெட்டிக்குள் கிடந்தது, கை மட்டும் பழைய வேலையைப் பார்த்தது. ஒருநாள் என்னையும் இலையில் மடித்து யாருக்காவது கொடுத்துவிடுவாய் என்று மௌரோ கிண்டல் செய்வதுண்டு. சொன்னபடியே செய்துவிட்டாள், பாவி.

வீட்டுக்குப் போய்த்தான் பொட்டலத்தைப் பார்த்ததாக ஹெர்மினியா சொன்னாள். எறிய மனசு வரவில்லை, பசி வேறு, தின்றுவிட்டாள். மறுநாள் மத்தியானம் வாசலில் செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டதாம்.

சமையலைப் பிலாரிங்கிடம் விட்டுவிட்டு லியோனிடா அவளோடு கிளம்பினாள். குடிசைக்குள் மழை இருட்டு. ஹெர்மினியா அடுப்புப் பானையிலிருந்து சூடாக ஒரு தட்டுச் சோறு போட்டு மேசையில் வைத்தாள், மேலே ஒரு துண்டுக் கருவாடு. அவள் சாப்பிடவில்லை, அவர் முதலில், பிறகுதான் தான் என்றாள். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசற்படியில் செருப்பு இரண்டு தடவை தட்டியது.  பிறகு இருமல், தொண்டையில் பாதி நின்று போகும் அந்த இருமல். அவள் பக்கத்தில் படுத்துக் கேட்டுச் சலித்த இருமல். மூங்கில் நாற்காலி முனகியது. அதில் யாரும் இல்லை. சோற்றிலிருந்து எழுந்த ஆவி மட்டும், யாரோ குனிந்து ஊதுவதுபோல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவள் கையை நீட்டினாள். உடனே நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவ்வளவுதான், அவளுக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு தடவை கேட்டுக் கிடைக்காத மனிதர் இனி அவளிடம் சோறு கேட்கத் தயாராக இல்லை.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது அந்த ஊரில் திருடுவதைவிட மோசம். மிட்டாயைக் கொடுத்துவிட்டுப் பிடுங்குகிற பிள்ளையைத் தெருவே கேலி செய்யும். லியோனிடாவோ பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒரு சிட்டிகை உப்பு கேட்டவள் இல்லை. கொடுக்கிற கைக்கு எப்போதும் ஒரு மிதப்பு உண்டு, அது அவளுக்கும் இருந்தது.

"ஹெர்மி, எனக்கு அவரைக் கொடுத்துடு," என்றாள்.

ஹெர்மினியா அந்த நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னாள். "பத்து வருஷமாச்சுக்கா, இந்த வீட்டுல ஒரு ஆம்பளை இருமி. எங்க இஸ்கோ ஒருநாள்கூட வரலை. வழி தெரியலையோ என்னவோ. இவரு வந்தப்ப முதல்ல பயந்தேன். அப்புறம் ரெண்டு பேருக்கு உலை வைக்கப் பழகிட்டேன்."

"இன்னிக்கோட போயிடுவாருடி. ஒரு வாய் போடாம அனுப்பினா நான் எப்படி இருப்பேன்?"

ஹெர்மினியா எழுந்து, தட்டிலிருந்த சோற்றையும் கருவாட்டையும் வாழையிலையில் மடித்தாள்.  அதை லியோனிடாவின் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றி சொல்லக் கூடாது, எங்கேயும் நிற்கக் கூடாது, நின்ற இடத்தில் அவர் இறங்கிவிடுவார் என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

நிற்காமல் நடப்பது இவ்வளவு கஷ்டமென்று லியோனிடாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் வா, சாப்பிடு என்று கூப்பிட்டார்கள். முடிதிருத்துகிறவர் குடையோடு ஓடி வந்தார். இந்த ஆளிடம் நின்று பேசினால் மௌரோ அந்தச் சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். ஒருவருக்கும் பதில் சொல்லாமல் நடந்தாள். அவளுக்குத் திமிர் வந்துவிட்டது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சொன்னவர்களுக்குக் கேட்டிருக்காது, அவள் பின்னால் ஈர மண்ணில் செருப்பு இழுபட்டு வந்தது.

வீட்டில் பிலாரிங்கை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பகலில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. பெரிய தட்டை எடுத்தாள். அண்டாவின் மேலே கிடந்த நல்ல கறியாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். பொட்டலத்தைப் பிரித்து ஹெர்மினியாவின் கருவாட்டையும் ஓரத்தில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மழை கூரையில் அடித்தது. வெளியே ஜெபத்துக்கும் விருந்துக்கும் ஊர் கூடத் தொடங்கியது, குடைகள் உதறப்பட்டன, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்போது நாற்காலி முனகியது.

கதவைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்க மழையில் நிற்கிறது, குருவானவர் நிற்கிறார், பசியோடு பிள்ளைகள் நிற்கின்றன. பெரிய வெட்கம்தான். அவள் எழவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்று உள்ளிருந்தே சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

வெளியே பேச்சு நின்றது. பாவம், துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே இருமல் கேட்டது. அந்த வண்டியில் ஒரு தடவையாவது ஏறிய எல்லாருக்கும் தெரிந்த இருமல். தட்டிக்கொண்டிருந்த கை கதவிலிருந்து விலகியது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளை அம்மாக்கள் பின்னால் இழுத்தார்கள்.

கூட்டத்தின் கடைசியில் நனைந்தபடி நின்ற ஹெர்மினியா ஒருத்திதான் பயப்படவில்லை.

"அவசரமில்லைக்கா," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அவர் நிதானமாச் சாப்பிடட்டும்."

லியோனிடா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நாற்காலி மேசைப் பக்கமாக நகர்ந்தது.