எடுக்க வேண்டிய பக்கம்

அப்பாவை ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகுக்குக் கீழே சுருண்டு கிடந்த விரிப்பை மகள் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர், "மூணு" என்றார். இரண்டு நாளாக வாயே திறக்காத மனிதர். அவள் விரிப்பை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்தாள்.

"என்னப்பா மூணு?"

"மூணாம் நம்பர். அலமாரில." மூச்சு வாங்கியது. "அவன் வந்தா குடுத்துடு."

"யாரு, மாமாவுக்கா?"

கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்று அர்த்தம். பிறகு, "நான் குடுக்கல" என்றார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அலமாரியில் ஏழு கறுப்புப் பைண்டர்கள் இருந்தன. தான் வேலை பார்த்த தேர்வு மையத்தில் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி எறிந்தபோது, அதோடு எடைக்குப் போகவிருந்தவற்றை அப்பா நான்கு நடையாகத் தூக்கிவந்து வைத்தார். "துணி வைக்க இடமில்ல, இந்தக் குப்பைக்கு அலமாரியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. பைண்டர்கள் அசையவில்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் என்றால், அதை ஓட்டுகிற இயங்குதளத்தின் கையேடுகள் ஒரு அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். இயந்திரம் ஒரு கேள்வி கேட்டால் ஆப்பரேட்டர் எழுந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பதிலைத் தட்ட வேண்டும். இயங்குதளத்தைச் செய்த கம்பெனிக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் எதையாவது மாற்றுவார்கள். உடனே புத்தகமும் மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் முழுப் புத்தகத்தை யார் அச்சடிப்பது? அதனால் தைக்காத தாள்கள், அவற்றைக் கோக்க மூன்று வளையம். தபாலில் புதுத் தாள்கள் ஒரு கட்டாக வரும். கட்டின் மேல்தாளில் பட்டியல் இருக்கும்: இந்தப் பக்கத்தை எடு, இதை வை, எடுத்ததைக் கிழித்துப் போடு. மாறிய வரிகளுக்கு நேராக ஓரத்தில் ஒரு நெட்டுக்கோடு அச்சாகியிருக்கும். எல்லாம் மாற்றி முடித்தபின் பைண்டரின் முதல் தாளில் தேதி போட்டுக் கையெழுத்து.

முப்பத்தொரு வருஷம் அப்பாவுக்கு இதுதான் வேலை. ஆபீசில் அவரை 'லைப்ரரி' என்பார்கள். அம்மா 'பக்கம் மாத்தி' என்பாள். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் சிரிப்பார்.

மூன்றாம் பைண்டரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு மாமா வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் மாமா, கையில் செய்தித்தாள், ஒரு டீ. அவளுக்கு ஆறு வயதிலிருந்து இது தவறியதில்லை. சொந்த மாமா இல்லை. அதே தேர்வு மையத்தில் ஆப்பரேட்டராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நடுவில் நின்றுபோனது. திரும்பக் கிளப்பும்போது அது கேட்ட கேள்விக்கு அவர் 'ஆம்' என்று அடித்தார். 'இல்லை' என்று அடித்திருக்க வேண்டும். பதினோராயிரம் பிள்ளைகளின் மதிப்பெண்கள் கம்ப்யூட்டரின் நினைவு வட்டிலிருந்து சுத்தமாகத் துடைக்கப்பட்டன. பத்திரமாக எடுத்துவைத்திருந்த நகல் இரண்டு வாரம் பழையது. நாற்பது பேர் உட்கார்ந்து ஆறு வாரம் எல்லாவற்றையும் திரும்ப அடித்தார்கள். விசாரணையில் மூன்றாம் பைண்டரைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார்கள். 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "நான் படிச்சப்ப 'ஆம்'னுதான் இருந்துச்சு" என்று மாமா சொன்னாராம். அதைக் கேட்டு யாரோ சிரித்தார்களாம். வேலை போய்விட்டது.

அதன்பிறகு மாமா வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார். "சுவத்துல படிக்க ஒண்ணும் இல்ல பாரு, நமக்கு ஏத்த வேலை" என்று அவரே கிண்டலடித்துக்கொள்வார். ஆனால் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் விரலை வரிக்குக் கீழே ஓட்டி இரண்டு தடவை படிப்பார். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, டீக்கடை விலைப்பலகை, எதையும் விடமாட்டார். "ஒரு பக்கத்தக் கூட ஒழுங்கா படிக்கத் தெரியாத ஆளக் கட்டிக்கிட்டேன்" என்று அவர் மனைவி சாகும்வரை மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னாள். மாமா அதை மறுத்ததே இல்லை. அவரும் அதை நம்பினார்.

பைண்டரின் கடைசியில், அட்டைக்கும் தாளுக்கும் நடுவில், ஒரு உறை இருந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று 4-17 என்று எண் போட்ட பக்கம். மடித்த கோடு பழுத்திருந்தது. வளையத்துக்கான மூன்று துளைகளில் ஒன்று கிழிந்திருந்தது. அவசரமாகப் பிடுங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: வேலை நடுவில் நின்றால், கேட்கப்படும் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் தரவும்.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். மாமாவைப் போல விரலை ஓட்டிப் படித்தாள். 'ஆம்' என்றுதான் இருந்தது.

இன்னொன்று, ஒவ்வொரு கையேட்டின் பின்னாலும் கம்பெனி வைக்கும் வாசகர் படிவம். இந்தப் புத்தகத்தில் பிழை கண்டால் எங்களுக்கு எழுதுங்கள் என்று கேட்கிற தாள். யாரும் எழுதி அவள் பார்த்ததில்லை. அப்பா எழுதியிருந்தார்.

பக்க எண்: 4-17.

பிழை என்ன: 'புது இயங்குதளத்தைச் சனிக்கிழமை ஏற்றினார்கள். இந்தப் பக்கத்தை வியாழக்கிழமையே மாற்றிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். மாற்றவில்லை. ஏழு பைண்டருக்கும் முதலில் கையெழுத்து, பிறகு பக்கம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குப் பள்ளியில் நாடகம். மூன்றாவதில் பாதியில் எழுந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை அவன் பார்த்தது இந்தப் பழைய பக்கம். அவன் சரியாகத்தான் படித்தான். திங்கட்கிழமை காலை, விசாரணைக்கு முன்னால், நான் இதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன்.'

கடைசியில் ஒரு கேள்வி அச்சாகியிருந்தது. உங்களுக்குப் பதில் வேண்டுமா? 'ஆம்' என்ற கட்டத்தில் அப்பா டிக் அடித்திருந்தார்.

அந்த நாடகம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் மரமாக நின்றாள். வசனம் கிடையாது. ஆபீஸ் சட்டையோடு அப்பா கடைசி வரிசையில் நின்று, மரத்துக்காகக் கை தட்டினார். பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். எத்தனையோ கஷ்டத்தில் அந்தக் கைதட்டலை எடுத்து நினைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்.

"ஏம்ப்பா?" என்று நிமிர்ந்தாள். "இத்தன வருஷமா ஏம்ப்பா சொல்லல?"

மார்பு அசையவில்லை. கழுத்துக் குழியில் சற்றுமுன்வரை துடித்துக்கொண்டிருந்த இடம் சும்மா இருந்தது. மணி ஒன்பது இருபது. அவள் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் போயிருந்தார். கட்டிலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தும் அவள் பார்க்கவில்லை. அழுகை வருவதற்குள் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு வாசலில் செருப்பை உதறும் சத்தம்.

"என்ன லைப்ரரி, எழுந்தாச்சா? இன்னைக்குப் பேப்பர்ல பாதி விளம்பரம்தான், சீக்கிரம் முடிஞ்சுடும்!"

உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். செய்தித்தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, வழக்கம்போல அப்பாவின் கால்மாட்டில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா?"

"முக்கால் மணி நேரம் ஆச்சு மாமா."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா பாப்பா?"

அவருக்குப் போன் செய்யத்தான் எடுத்தாள். எடுத்து வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் மாமாதான் பார்த்தார். அப்பாவின் தாடையைத் துணியால் கட்டினார். மயானத்துக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொன்னார். அடுத்த தெரு டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் சான்றிதழ் எழுதி நீட்டியதும் மாமா விரலை வைத்து மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதல் வரியில் விரலை வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குங்க" என்றார் டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். என் கண்ண நான் நம்பமாட்டேன். பழைய வியாதி."

சமையலறையில் நின்றபடி அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உறை கையில் இருந்தது. காலடியில் குப்பைக்கூடை. எடுத்ததைக் கிழித்துப் போடு என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. கிழித்துவிட்டால் அப்பா அப்பாவாகவே போவார். மாமாவும் மாமாவாகவே இருப்பார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவார். அம்மா இல்லை, இப்போது அப்பாவும் இல்லை. 'பாப்பா' என்று கூப்பிட மிச்சமிருப்பது இந்த ஒரு வாய்தான். அதையும் எப்படித் தன் கையாலேயே இழப்பது?

மாமா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"எனக்கு வேலை போனப்ப ஆபீஸ்ல ஒருத்தன் என்கூடப் பேசல பாப்பா. உங்கப்பா மட்டும்தான் அடுத்த ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தான். வந்து சும்மா உக்காந்திருந்தான். ஒரு வார்த்த பேசல. எனக்காக எப்படிக் கலங்கிப் போயிருந்தான் தெரியுமா?" துண்டால் கண்ணைத் துடைத்தார். "அந்த மாதிரி மனுஷன் கிடைக்கமாட்டான்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"மாமா, இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னார்."

உறையை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் படிவத்தைப் படித்தார். பிறகு பக்கத்தைப் படித்தார். விரல் அந்த வரிக்கு வந்து நின்றது. திரும்பவும் ஆரம்பத்துக்குப் போனது. திரும்பவும் வந்து நின்றது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார்.

"முப்பத்தெட்டு வருஷம்" என்றார். "எதிர்ல உக்காந்து டீ குடிச்சானே."

"மாமா..."

"என் பொண்டாட்டி சாகறப்பக் கூட அதத்தான் சொல்லிட்டுச் செத்தா. அப்பவும் இவன் பக்கத்துல நின்னான்." படிவத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "பதில் வேணும்னு டிக் அடிச்சிருக்கான் பாரு. எழுப்பு அவன. எழுப்பு பாப்பா, நான் பதில் சொல்றேன்."

அவள் அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மாமா அவளைத் தேற்றவில்லை. இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நேராக வாசலுக்குப் போனார். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. வண்டிக்காரர் சான்றிதழை வாங்கிப் பார்த்துத் தன் படிவத்தை நிரப்பினார். "கையெழுத்துப் போட ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா, இல்ல நீங்களே போடறீங்களா?" என்று கேட்டார்.

"நானே போடறேன்" என்று அவள் பேனாவை வாங்கினாள்.

"குடு இங்க."

மாமா வாசலில் நின்றிருந்தார். எங்கே போனார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று தெரியவில்லை. கால் முட்டிவரை புழுதி. கண் சிவந்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. படிவத்தை வாங்கி ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"வயசு தப்பு."

"சர்டிபிகேட்டப் பாத்துத்தான் எழுதினேன் சார். அறுபத்தேழு."

"எழுபத்தாறு."

"இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க சார். அப்புறம் மயானத்துல போய் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க."

"வேண்டாம்" என்றார் மாமா. "நான் சரியாத்தான் படிச்சேன்."

வண்டிக்காரர் சான்றிதழைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா எண்ணை அடித்துத் திருத்தினார். பக்கத்தில் தேதி போட்டார். கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், அப்பாவின் கால்மாட்டில் கிடந்த செய்தித்தாளை எடுத்து நாற்காலியில் வைத்தார். பிறகு தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, தூக்குவதற்காகக் கையைக் கொடுத்தார்.