கோப்பையில் வந்த படகு

அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே இருந்திருக்கலாம் என்று அக்காவுக்குப் பிறகு பலமுறை தோன்றியது. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் நினைவுப்பொருள் கடையில் அவளுக்கு விற்பனை வேலை. ஊரைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கிப்போகும் பீங்கான் கோப்பைகள்தான் கடைக்குச் சோறு போட்டன. ஒவ்வொன்றிலும் ஊரின் ஓர் அடையாளம்: கலங்கரை விளக்கம், மணிக்கூண்டு, இரும்புப் பாலம், மீன் சந்தை. வரிசையை முழுசாகச் சேர்த்தே தீருவேன் என்று வருடா வருடம் வந்து நிற்கிறவர்கள்கூட உண்டு. அந்த வரிசையில் புதிதாக, அந்தப் பெட்டியில் வந்திருந்த கோப்பையில், வெள்ளை உடம்பில் நீலப் பட்டை போட்ட பழைய பயணிகள் படகு, துறையிலிருந்து அப்போதுதான் கிளம்புவதுபோல் நின்றது.

அக்கா அதைச் சட்டென்று பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தாள். சில வருடங்களுக்கு முன் முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகு அது. பலர் செத்தார்கள். சுக்கானைப் பிடித்திருந்தவர் அவள் தங்கையின் கணவர், அவரும் போனார். விசாரணையில் ஆளுக்கு ஒன்று சொல்ல, எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவர் தலையில் பழி விழுந்தது. தங்கை தெருவில் நடந்தால் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அக்கா போய் அவளைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். அதன்பிறகு தையல் மெஷினும் தானுமாகப் பின்னறையில் கிடந்தாள் தங்கை. படகைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

முதலாளியிடம் அக்கா சொல்லிப்பார்த்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்தார். சனங்கள் சின்ன வயதில் ஏறிப்போன படகு, அதைத்தான் வாங்கக் கேட்கிறார்கள், உன் கஷ்டம் புரிகிறது, ஆனால் சரக்கு வந்து இறங்கிவிட்டதே என்றார். வேலையை உதறிவிட்டு வர அவளாலும் முடியாது. படகுக் கோப்பைகளைக் கீழ்த்தட்டில், படம் சுவரைப் பார்க்கும்படி அடுக்கினாள். வீட்டில் மூச்சுவிடவில்லை.

எத்தனை நாள்தான் மறைக்க முடியும்? ஒரு மத்தியானம் அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக, அதைக் கொடுக்கத் தங்கையே கடைக்கு வந்துவிட்டாள். அக்கா உள்ளே சரக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கடை ஆள் என்று நினைத்த வயதான பயணி ஒருவர், கீழ்த்தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் படகு இன்னும் ஓடுகிறதா, சாயங்காலம் ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று விசாரித்தார்.

அக்கா அரக்கப்பரக்க வெளியே வருவதற்குள் தங்கை கோப்பையைக் கையில் வாங்கியிருந்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“ஓடலைங்க. கவுந்துடுச்சு. நிறைய பேர் போயிட்டாங்க,” என்றாள். “என் வீட்டுக்காரர்தான் ஓட்டினாரு.”

மன்னிக்க வேண்டும் என்று பயணி முனகினார். கோப்பையைத் திரும்ப வாங்கித் தட்டில் வைக்கப்போனவர், மனசு கேட்காமல் நின்று, அவர் பெயர் என்னம்மா என்றார். தங்கை சொன்னாள். இத்தனை வருடத்தில் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. பயணி அந்தக் கோப்பையையே வாங்கிக்கொண்டார். தங்கை பழைய செய்தித்தாளை எடுத்து, பிடி உடையாதபடி இறுக்கமாகச் சுற்றிக் கொடுத்தாள்.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் அக்கா அன்று வீடு திரும்பினாள். தங்கை கேட்டது ஒன்றுதான்.

“படகை மட்டும் மன்னிச்சிட்டாங்க போலிருக்கே?”

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரை ஒரு பிடி பிடித்தாள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, எவன் வந்து கேட்டாலும் சொல்வேன் என்றாள்.

“நீ சொல்லுவ. இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்க,” என்றாள் தங்கை. “எனக்குத் தெரியாதுக்கா. அன்னிக்குக் காத்து அப்படி அடிச்சுது. அவரா கிளம்புனாரோ, யாராச்சும் கிளம்பச் சொன்னாங்களோ. கேக்கலாம்னா ஆள் இல்ல.”

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரோடு மல்லுக்கு நின்ற மும்முரத்தில் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வக்காலத்து வாங்கியே இவள் வாயை அடைத்துவிட்டோமோ?

“அன்னிக்குக் காலையில எப்படிடி இருந்தாரு?” என்று மெல்லக் கேட்டாள்.

சட்டையில் ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்ததாம். ஊருக்கெல்லாம் தைக்கிறாய், எனக்கு ஒரு பொத்தானுக்கு வழியில்லையா என்று கேலி செய்தாராம். சாயங்காலம் தைத்துத் தருகிறேன் என்று இவள் சொல்ல, ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு, தொப்பை தெரியாமல் மூச்சை இழுத்துப் பிடித்து நடந்து காட்டிவிட்டுப் போனாராம். சொல்லும்போதே தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள்.

அழாதே என்று அக்கா சொல்லவில்லை. அவளும் அழுதாள். வெகுநேரம் கழித்துத்தான் இருவருக்கும் பசி தெரிந்தது.