தாளோரத்தில் நின்ற பாதை

அக்டோபரில் மாடுகள் மலையிலிருந்து இறங்கிய மறுவாரமே பக்கத்து நிலத்துக்காரன் லாயல் பிக்கெட், தன் நிலத்தின் வழியே போகும் கணவாய்ப் பாதைக்குக் கேட் போட்டுப் பூட்டிவிட்டான். கோடை மேய்ச்சலுக்கு வெர்னா ஹௌகன் வருஷாவருஷம் மாடு ஓட்டும் வழி அது. புருஷன் ஆரின் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்ததால், மாவட்ட அலுவலகத்துக்கு அவளே அலைந்தாள்.

"பொதுப்பாதைன்னு வாயால சொன்னா ஆகுமாம்மா? பழைய சர்வே மேப்புல இருந்தாக் கொண்டாங்க," என்றார் குமாஸ்தா.

சர்வே ஆபீசுக்கு எழுதிப் போட்டு ஆறு வாரம் கழித்து 1909ஆம் வருஷத்து மேப் தாள் வந்தது. சமையலறை மேஜையில் விரித்தாள். அவள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பிய பாதை, விட்டுவிட்டு வரைந்த கோடாக ஓடையைத் தாண்டி மலையேறியது. பிக்கெட் நிலத்துக்கு அரை மைல் இருக்கும்போது தாள் முடிந்துவிட்டது.

"அடுத்த தாளுக்கு எழுது," என்றான் ஆரின்.

எழுதினாள். பனி உருகி, புல் தலைகாட்டிய பிறகு வந்தது அது. 1934இல் வேறு யாரோ அளந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இந்தத் தாளில் ஓடிவந்த ஓடை அந்தத் தாளில் ஒரு முகட்டில் முட்டி நின்றது. பாதையோ மருந்துக்கும் இல்லை.

"இதை அளந்த படுபாவி குதிரையை விட்டு இறங்கவே இல்ல போலிருக்கு! நாம என்ன ஆகாசத்துலயா மாடு ஓட்டினோம்?" என்று மேஜையை அறைந்தாள். காப்பி கவிழ்ந்து தாள் முழுக்க ஓடியது.

கறையோடு எடுத்துப்போனதைக் குமாஸ்தா புரட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். அலுவலக வாசலில் நின்ற பிக்கெட் சிரித்தான்.

"என் வேலிக்கு முன்னாடியே உன் ரோடு செத்துப்போச்சே, வெர்னா."

"நீயே போன வருஷம் அதுல மாடு ஓட்டின, லாயல்."

"ஓட்டினேன். மேப்புல காட்டு, பாப்போம்."

ஜூனில் நூற்று நாற்பது மாடுகளையும் நெடுஞ்சாலை வழியாக ஓட்டினாள். ஒரு நாள் வழிக்கு நான்கு நாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே மிரட்டினார்கள். இரண்டு கன்றுகளுக்குக் குளம்பு தேய்ந்து, அவற்றை வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. நான்காம் நாள் மேலே சேர்ந்தபோது பசுக்கள் விலா தெரிய நின்றன.

வீடு திரும்பியதும் ஆரின் கேட்டான், "அடுத்த வருஷம் என்ன பண்றது?"

"வக்கீல் வைக்கிறது. அவனும் மேப்புன்னு ஆரம்பிச்சான்னா அங்கேயே கத்துவேன்," என்றபடி பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.