காலித் தொட்டிக்குத் தீனி

என் வீட்டுக்காரர் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால், ஒரு மீன்கூட இல்லாத தொட்டிக்குத் தீனி போடுவார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று என்னிடம் மெதுவாக விசாரித்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பையன் செய்யச் சொன்னது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பையன் வீட்டை விட்டுப் போனதே மீனால்தான். சிக்லிட் என்று ஒரு வகை. நீலமும் மஞ்சளுமாகப் பார்க்க அத்தனை அழகு, குணம் மட்டும் படு மோசம், ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்குவது என் வீட்டுக்காரரின் வேலை. மீன் கழியும் தண்ணீரைக் கூடத்தில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. ஒருநாள் பேச்சு முற்றி, இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்றார். அவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் போன் என்றால் எனக்கு மட்டும்தான்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் கூப்பிட்டான். வேலை முடியப்போகிறது, ரூமைக் காலி செய்ய வேண்டும், பழைய தொட்டி இன்னொரு தடவை தூக்கினால் தாங்காது என்றான்.

"அங்க மீனுக்கு ஒரு தொட்டி ரெடியா இருந்தா, வரலாமான்னு பாக்கறேன்மா."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னான். நான் அப்படியேதான் இவரிடம் சொன்னேன். மறுநாளே இவர் கண்ணாடித் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வாங்கும்போதே என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். எனக்கு என் பிள்ளையைத் தெரியும். ஆனாலும் அவன் வர வேண்டும் என்று எனக்கும் அடிமனசில் ஓர் ஆசை இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மனுஷன் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தார். மேஜை ஒரு பக்கம் சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மணலைத் தண்ணீர் தெளியும்வரை வாளி வாளியாக அலசினார். அவன் சொல்லச் சொல்ல நான் போனும் காதுமாக நின்று ஒலிபரப்பு செய்தேன். மணல் கொட்டுவதற்கு முன்னாலேயே கல்லை அடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் மீன் அடியில் தோண்டிக் கல் சரிந்து கண்ணாடி உடையுமாம். கல்லுக்கு நடுவே ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பொந்து வேண்டுமாம். ஒன்றின் மூஞ்சி இன்னொன்றுக்குத் தெரியாமல் இருந்தால்தான் சண்டை குறையும்.

"இந்த வசதி அப்பவே நம்ம வீட்டுல இருந்திருக்கலாம்," என்றேன். இவர் சிரிக்கவில்லை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. புதுத் தண்ணீரில் உடனே மீன் விட்டால் செத்துவிடுமாம். வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட வேண்டும். அழுகினால் தண்ணீரில் விஷம் சேரும், அந்த விஷத்தைத் தின்கிற நல்ல கிருமி வடிகட்டிப் பஞ்சில் தானாக வளரும். வளர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொட்டு மருந்து இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து அதை விட்டதும் பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் மீன் விடலாம். வாழ்நாள் முழுக்கக் கிருமியைக் கொன்றவரிடம் கிருமி வளர்க்கச் சொன்னான் பிள்ளை. அதற்கும் தலையாட்டினார்.

பச்சை வெளுத்துக்கொண்டே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கடைக்குப் போயிருந்தேன். பஞ்சில் பழுப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கை சும்மா இருக்குமா? நான் திரும்பி வந்தபோது என் சமையல் பாத்திரத்தில் பஞ்சு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பளிச்சென்று ஆகிவிட்டது பார் என்று பெருமையாக வேறு காட்டினார். நான் அடுப்பை அணைத்தேன்; அத்தனை நாள் வளர்த்த கிருமி எல்லாம் அதில் வெந்துபோயிருந்தது.

பையனுக்கு நான்தான் சொன்னேன். கோபப்படுவான் என்று பயந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்லம்மா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

குரலில் ஒரு நிம்மதி. வீட்டுப்பாடம் செய்யாத அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று கேட்டால் அவனுக்கு வருமே, அதே குரல். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவரிடம் அவசரம் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். இவர் தீனி டப்பாவைத் திறந்தார்.

பஞ்சில் மறுபடி பழுப்பு படிந்தது. இந்தத் தடவை கை தானாகப் போய்விடக் கூடாது என்று தொட்டி மூடியை டேப் போட்டு ஒட்டி, தீனி போடுகிற ஓட்டையை மட்டும் விட்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். பையனுக்குச் சொல்லு என்றார். நான் போனைப் போட்டு அவரிடமே நீட்டினேன். வாங்காமல் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"அம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். மீனை ஒரு கடைக்காரர்கிட்ட குடுத்துட்டேன். இங்கேயே வேற வேலை கெடைச்சிருக்கு. ரூமு சின்னது. அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். குழாயைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். கை துடைத்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அழுதால் தேவலை என்று எனக்கு இருந்தது.

இன்று காலை எழுந்ததும் தொட்டிக்குப் போய் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார்.

"இனிமே எதுக்குங்க?" என்றேன்.

"போடலன்னா பஞ்சுல இருக்கற கிருமி செத்துடும்," என்றார் திரும்பாமல். "எனக்கு அடுத்த வாரம் காலை ஷிப்டு. நீ போட்டுடு. ஒரு சிட்டிகை போதும்."

சரி என்றேன்.