கண்ணாடிக்கடைச் சந்தில் முந்தி விழுந்த பொழுது

1957ஆம் ஆண்டு கோடையில், திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்கடைச் சந்தில், நாலரை மணி வெயிலில் பொழுது சாய்ந்தது. அந்தச் சந்தில் மட்டும்தான் சாய்ந்தது. முனையில் நின்ற ஜட்காவின் குதிரைக்குத் தலை இருட்டிலும் வால் வெயிலிலும் இருந்தது. கோழிகள் கூடடைந்தன. ஸ்ரீரங்கத்திலிருந்து பூக்காரி மயிலம்மாள் கொண்டுவந்திருந்த மல்லிகை மொக்குகள் கூடையோடு விரிந்துவிட, விரிந்த பூவை எவர் தலையில் கட்டுவது என்று புரியாமல் அவள் ஈரத்துணியைப் போட்டு மூடினாள். தொப்பி தைத்துக் கொடுக்கும் ரோஷன் பேகம் அன்று நோன்பு. இருட்டியதைக் கண்டு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்துவிட்டாள். பாதிக் கஞ்சி குடிப்பதற்குள் வெயில் திரும்பி வந்து பாத்திரத்தில் விழுந்தது.

எல்லாம் அருள்நாதன் கடையிலிருந்து கிளம்பியது. அவன் மூக்குக்கண்ணாடிகளுக்குக் கால் மாட்டுபவன், கீல் பற்றவைப்பவன். அன்று அவன் கையில் இருந்தது லூர்துராணி டீச்சரின் குளிர்க்கண்ணாடி. பாரிஸில் செய்தது. ஓரங்கள் பூனைக் காதுபோல் மேலே வளைந்திருக்கும். கால்களில் பொன்கம்பி ஓடும். அவளுடைய கணவன் கிளமென்ட் கல்யாணமான மறுவருஷமே வியட்நாமில் உள்ள சைகோனுக்குப் போய் அங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தவன், ஊர் திரும்பிய ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. லூர்துராணி தினமும் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது அதைப் போட்டுக்கொள்வாள். டீச்சருக்கு சினிமாக்காரி நினைப்பு என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

கீலில் பச்சைப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கடலோரத்தில் கிடந்த சாமான்தான் அப்படி ஆகும். இந்த ஊரில் கடலுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே அருள்நாதன் திருகாணியைக் கழற்றினான். கழற்றிய ஓட்டை வழியாகச் சாயங்காலம் கசிந்து, மேஜை நிறைந்து, வாசலில் இறங்கித் தெருவில் பரவியது. அதில் மழை வாசனை இருந்தது. தெரியாத மரங்கள் இருந்தன. குடை பிடித்த ஓர் ஆள் கைக்குழந்தையோடு சந்தில் நடந்து வந்தான். பக்கத்தில் நீள அங்கி அணிந்த ஒரு பெண் வந்தாள். மூவரும் மயிலம்மாளின் கூடையைத் தாண்டிப் போனார்கள். அருள்நாதன் பதறித் திருகாணியை மாட்டியதும் வெயில் வந்தது.

ரோஷன் பேகம் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"தம்பி, நான் நோன்பு தொறந்துட்டேன். இப்ப வெயில் அடிக்குது. நான் தொறந்தது செல்லுமா, செல்லாதா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் கீலைத்தான் தொறந்தேன்."

"அது சரி. குடை பிடிச்சுக்கிட்டுப் போனது டீச்சர் வூட்டுக்காரர் இல்ல?"

அவள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் போய்க் கேட்டாள். இருட்டியது உண்மை, வெயில் அடித்ததும் உண்மை, எதற்கும் பின்னால் ஒரு நாள் நோன்பு வைத்து ஈடு செய்துவிடுங்கள் என்றார். சொன்ன பிறகும் அவருக்குத் தெளியவில்லை.

கண்ணாடியை வாங்க லூர்துராணி வந்தபோது சந்தில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அருள்நாதன் வழக்கமாகச் சொல்வதையே சொன்னான். முந்தானையில் துடைக்காதீங்க, தண்ணியில கழுவி மல் துணியில ஒத்தி எடுங்க, தலையில ஏத்தி வைச்சா கால் அகண்டுடும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "டீச்சரம்மா, கீல்ல உப்பு ஏறியிருக்கு" என்றான்.

"போட்டுக்கிட்டே அழுதா ஏறத்தான செய்யும்" என்றாள் அவள். "நீங்க பாத்தத இதுக்குள்ள ரெண்டு வருஷமா நான் தினமும் பாக்குறேன். மொதல்ல அந்தப் பொம்பளைய பாத்து அழுதேன். அப்புறம் பாப்பா பொறந்துச்சு. இப்ப அதுக்குப் பல்லு மொளைக்குது. கோவம் யார் மேலன்னே தெரியல."

அவன் ஈயம் வைத்தான், அரக்கு வைத்தான், வெள்ளிப் பொடி வைத்தான். ஓட்டை முழுதாக அடைபடவில்லை. அவள் சந்தைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஒழுகும். போகப்போகச் சந்துக்குப் பழகிவிட்டது. விளக்கேற்றப் போகிறவர்கள், "இது நம்ம பொழுதா, டீச்சர் பொழுதா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். மயிலம்மாள் வேறு தெருவுக்குப் போனாள். ஒழுகும் பொழுதில் குழந்தை நடக்கக் கற்றது, பாவாடை போட்டது, பலப்பம் பிடித்தது. எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு அம்மை போட்ட வருஷம் ரோஷன் பேகம் வேப்பிலையைத் தன் வாசலில் செருகிவைத்தாள்.

1965இல் ஒழுகிய பொழுது வேறு மாதிரி இருந்தது. சைகோன் சண்டையின் புகை நெடி அடித்தது. லாரிகள் போயின. கடைகள் அடைத்துக் கிடந்தன. அங்கி அணிந்த பெண் வெகுநாளாகவே தென்படவில்லை. கிளமென்ட் நரைத்திருந்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மூடிய கதவுகளைத் தட்டிக்கொண்டே போனான். லூர்துராணி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அருள்நாதன் கடைக்கு வந்தாள்.

"ரெண்டு கீலையும் கழட்டிடுங்க."

"அரிச்சுப்போன கீலு டீச்சரம்மா. கழட்டினா மறுபடி மாட்ட முடியாது. அவங்கள நீங்க திரும்பப் பாக்கவே முடியாது."

"தெரியும். கழட்டுங்க."

பொழுது முழங்கால் அளவு வெள்ளமாய்ச் சந்தை நிரப்பியது. மழை கொட்டியது. கிளமென்ட்டும் சிறுமியும் அந்த முனையில் வந்தார்கள். லூர்துராணி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. வாசலில் இறங்கிக் கையை மட்டும் நீட்டினாள். அவன் நின்றான். அவளைப் பார்த்தானா, அவளுக்குப் பின்னால் இருந்த எதையாவது பார்த்தானா என்று சந்தில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. குனிந்து மகளின் காதில் ஏதோ சொல்லி முதுகில் கை வைத்துத் தள்ளினான். அவள் ஓடிவந்தாள். அதற்குள் சாயங்காலம் வற்றிவிட்டது. திருச்சியின் நாலரை மணி வெயிலில், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். சந்தின் அந்த முனையில் ஜட்கா ஸ்டாண்டுதான் இருந்தது.

லூர்துராணி குனிந்தாள். "சாப்டியா?" என்றாள்.

"இல்ல" என்றது பிள்ளை, தமிழில்.

ரோஷன் பேகம் துண்டு கொண்டுவந்து தலை துவட்டினாள். பிள்ளையின் பெயர் தெரேஸ். கோடை லீவு முடிந்து பள்ளி திறந்ததும் லூர்துராணியோடு ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் போகத் தொடங்கியது. பூசைக்கு அழைத்துப் போன முதல் ஞாயிறு, பிள்ளை எந்த ஊர் என்று பங்குச் சாமியார் கேட்டார். லூர்துராணி, எங்க சந்துதாங்க சாமி என்றாள். அவர் சரி என்று தலையில் சிலுவை வரைந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.