கட்டைவிரலின் நிறம்

...அசையாதீங்கம்மா அசையாதீங்கம்மான்னு படம் எடுக்கிற பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்தா, நான் என்ன ஆடவா வந்தேன், இருபத்திரண்டு வருஷமா பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ, பிரேக்கை எவ்வளவு அமுக்கணும்னு இந்தக் கால் கட்டைவிரலுக்குத்தான் தெரியும், அதைப் போய்த் திங்கட்கிழமை எடுத்துடலாம்னு நகம் வெட்டுற மாதிரி சொல்றார் டாக்டர்... எடுப்பாராம்ல, எடுக்கட்டும் பார்ப்போம். ஆறு வாரமா இந்தச் சர்க்கரைப் புண்ணை வாராவாரம் படம் பிடிக்கிறாங்க, என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை படம் எடுக்கலை, பக்கத்துல குட்டி அளவுகோல் ஒட்டி ஒண்ணு, அப்புறம் சூட்டைக் காட்டுற கேமராவுல ஒண்ணு, சிவப்புன்னா ரத்தம் ஓடுது, நீலம்னா ஓடலை, போன வாரம் விரல் முழுக்க நீலம்... இன்னிக்கும் நீலம்னா வெட்டுதான்னு பேச்சு. மருமக வெளியில மூக்கை உறிஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பா, விரல் போனா போகட்டும் அத்தை, நீங்க இருந்தா போதும்னு நேத்து சொன்னா, நல்ல மனசுதான், ஆனா மூலையில உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறதுக்கா நான் இருக்கணும்?

திரையில படம் வந்துச்சு, செக்கச்செவேல்னு, அப்படிப் போடு, இப்ப என்ன சொல்றீங்க டாக்டரே... ஆனா படம் எடுக்கிற பொண்ணு சிரிக்கலை, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறா.

"கிளம்புறதுக்கு முன்னாடி காலை வெந்நீர்ல வச்சீங்களாம்மா?"

"ஏன், குளிக்கக் கூடாதா?"

கணுக்கால்ல கோடு போட்ட மாதிரி சிவப்பு நிக்குதாம், ரத்தம் இப்படிக் கோடு போட்டு ஓடாதாம், பதினஞ்சு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி எடுப்போம்னு சொன்னா, கெட்டிக்காரி. ஆமாண்டி வச்சேன், புண்ணுக் கட்டைப் பிரிச்சு வாளிக்குள்ள கால் மணி நேரம் வச்சேன், திருட்டுத்தனம்தான், என் விரலுக்காக நான் திருடாம வேற யாரு திருடுவா... சூடு போதுமான்னு பார்க்க முதல்ல கையை விட்டேன், அப்பா, வெடுக்குன்னு எடுத்துட்டேன், கைவிரல் நுனி இன்னும் காந்துது... அப்ப கால்? அதே தண்ணிதானே, கால் மணி நேரமும் கம்முன்னு கிடந்துச்சே, ஒருதரம்கூட வெளிய இழுக்கத் தோணலையே. காலுல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னப்ப, அதெல்லாம் உங்களை விட எனக்கு நல்லாத் தெரியும்னு அடிச்சுப் பேசினவ நான்... பொண்ணு கேமராவைத் திருப்பிக்கிட்டு வந்தா. எடும்மா, தாராளமா எடு, நான் ஒண்ணும் பயந்தவ இல்லைன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு கட்டைவிரலைக் கிள்ளினேன், நகம் பதியிற வரைக்கும் கிள்ளினேன், வலிச்சுத் தொலையேன், வலியேன்... இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.