அக்காவுக்கு ஒரு முறையான அழைப்பு

திருப்புறத்தில் என் அக்கா சுகிர்தபாயின் வீட்டுக்குள் ஆறு நுழைந்தபோது காலை பத்து மணி. பதினொன்றுக்கெல்லாம் நான் படகோட்டி கனகதாஸின் வள்ளத்தில் அவள் வாசலுக்கு வந்துவிட்டேன். அத்தான் ஈசாக் மருந்துப் பை, குடை, வேதப்புத்தகம் சகிதம் மதில்மேல் உட்கார்ந்திருந்தார். வள்ளம் நிற்பதற்குள் ஏறிவிட்டார்.

"அக்கா எங்க அத்தான்?"

"அடுக்களைல. நீ பேசிப் பாரு. எனக்க பேச்சுக்கு அங்க விலை கிடையாது."

விலை பேசுவது எனக்குப் புதிதல்ல. பாலராமபுரத்தில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற குடும்பம் எங்களுடையது. அதே குடும்பத்தில்தான் அக்காவும் பிறந்தாள் என்பதுதான் சிக்கல்.

அடுக்களையில் முழங்கால் அளவு தண்ணீர். அக்கா, அத்தானைக் கொண்டு கேஸ் சிலிண்டரைச் சமையல் மேடைமேல் ஏற்றிவிட்டு, அதற்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வள்ளத்துல ஏறு. எனக்க வீட்டுக்குப் போவோம்."

"ஒனக்க வீடா? அது எங்கலே இருக்கு? நான் கண்டதில்லியே."

சரியான இடத்தில் அடித்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு பாறசாலையில் வீடு கட்டிக் குடிபுகுந்தேன். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், உட்கார்ந்து, "வரணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. அப்படி நானும் என் பெண்டாட்டி ஜெஸ்னாவும் நூற்றுமுப்பது வீடு ஏறி இறங்கினோம். சொந்த அக்காதானே என்று அவளுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கைகூப்பு வந்தது. ஆள் வரவில்லை.

"மூணு மணிக்கு அணையில இன்னும் ஷட்டர் தூக்குறாவளாம், அக்கா."

"தூக்கட்டு. பள்ளிக்கூடத்துல முகாம் உண்டு. மைக் வச்சு எல்லாரையும் விளிச்சாச்சு. என்னையும் சேர்த்தாக்கும்."

அவளை முகாமில் விட்டுவிட்டு என் புது வீட்டில் நான் ஒருநாளும் தூங்க முடியாது.

"சரி, இப்ப விளிக்கேன். வீட்டுக்கு வரணும்."

"ஒத்தைக்கு விளிச்சா அது விளியா?"

"ஜெஸ்னாவ வீடியோல காட்டட்டா?"

"போன்ல வந்தது போதும்."

இதற்காவது இறங்கிவருவாள் என்று ஒரு பொய்யை எடுத்துப் போட்டேன். "ஜெஸ்னா ஊருல இல்ல. அவளுக்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"இப்பத்தான் பேசுனேன். வீட்டுல மீன் வெட்டிட்டு இருக்கா."

வெளியே கனகதாஸ் பொறுமையிழந்தார். "அண்ணா, வெள்ளம் ஏறுது! இதென்ன கல்யாணப் பேச்சா?"

என் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். அத்தானைக் கரையில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரில் வந்த ஜெஸ்னாவை ஏற்றிக்கொண்டு கனகதாஸ் திரும்ப ஒரு மணி நேரமாயிற்று. தண்ணீர் என் தொடைக்கு வந்திருந்தது. ஜெஸ்னா நல்ல சேலை கட்டி, அதைத் தூக்கிச் செருகி, சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். முறை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மைனி, நீங்க நம்ம வீட்டுக்கு வரணும். ரெண்டுபேருமா வந்தாக்கும் விளிக்கோம். தப்பு எங்க பேருலதான்."

அக்காவின் முகம் நொடியில் மலர்ந்தது. "இரிங்க, இரிங்க" என்றாள். எங்கே இருப்பது? நின்றோம். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அக்கா, என்ன செய்யுத?"

"மிண்டாத நில்லுலே. விளிக்க வந்தவங்கள சும்மா அனுப்பப்பிடாது."

தொடையளவு தண்ணீரில் நின்று கட்டன்சாயா குடித்தோம். கனகதாஸ் சன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி ஒரு கிளாஸ் வாங்கினார். சர்க்கரை போதாது என்றும் சொன்னார். அக்கா இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தாள். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்து, கேஸை மூடி, மேடையைத் துடைத்த பிறகே இறங்கினாள்.

வள்ளம் நகர்ந்ததும் கேட்டாள். "மக்கா, வீட்டுல எங்களுக்கு எந்த முறி?"

"தாழ, வாசல் பக்கம். நல்ல காத்து வரும்."

"தாழயா? வெள்ளம் கண்டு கண்டு எனக்குப் போதும்னு ஆச்சுலே. மாடில உண்டா?"

மாடியில் இருப்பது ஒரே அறை. அது நாங்கள் படுக்கிற அறை. ஜெஸ்னா என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"மாடி ஒனக்குத்தான், அக்கா" என்றேன்.